தெ ரியால் வம்சம்

இரண்டாம் பூசை முடிந்து ஜனமெல்லாம் கலைந்து போயாயிற்று. கோயில் முற்றத்தில் காக்காயும் கடல்காற்றும்தான் பாக்கி. பதினொரு மணிக்கு ஞானஸ்நானம் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்றே கால் ஆகியும் சாமியாரைக் காணோம். வடக்குத் தெருவில் ஒரு கிழவி இழுத்துக்கொண்டு கிடக்கிறாளாம், கடைசி எண்ணெய் பூசி அவஸ்தை கொடுக்கப் போயிருக்கிறார். போகிற உசிருக்குத்தான் அவசரம், வந்த உசிரு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், நியாயம்தானே என்று தனிஸ்லாஸ் நினைத்துக்கொண்டார். பங்கு ஆபீஸ் வராந்தாவில் நீள பெஞ்சு, அதில் அவர், அவர் மடியில் பேத்தி. பிறந்து நாற்பத்திரண்டு நாள். மகள் பெபியோலாவுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட அதே லேஸ் கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள்; பிள்ளையிடமிருந்து பால் வாசமும் அந்துருண்டை வாசமும் சேர்ந்து வருகிறது. தூக்கத்தில் அது காலை உதைக்கும்போதெல்லாம் உதை சரியாக அவர் சட்டைப் பையில் விழுகிறது. பையில் மூக்குக்கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் நாலாய் மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள். உதைக்கு ஒருதரம் அந்தத் தாள் சரக், சரக். சும்மா கிட தாயி, காட்டிக் குடுத்துராத. உள்ளே உபதேசியார் ஞானப்பிரகாசம் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. பெரிய பதிவேட்டை எடுக்கிறார். அதில் ஐந்து கட்டம் உண்டு, தனிஸ்லாசுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்: பிள்ளையின் பேர், பிறந்த தேதி, தகப்பன், தாய், குடும்பப் பேர். அந்த ஐந்தாவது கட்டம்தான் மூன்று வாரமாக அவரைத் தின்கிறது. மாப்பிள்ளை விழுப்புரம் பக்கத்துக்காரர், அவர்கள் பக்கம் குடும்பப் பேர் என்ற வழக்கமே கிடையாது, இனிஷியலோடு சரி. அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடக்கப் போகிறது. காலியாகக் கிடக்கிற வீட்டில் நம்ம பேர் போய்க் குடியிருந்தால் என்ன என்று ஒரு வார்த்தை மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தெ ரியால் என்ற பேர் தனிஸ்லாசோடு முடிந்தது, மண் போட்டு மூடிவிடலாம். கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை.

முப்பத்துநாலு வருஷம் இந்தப் புன்னைத்துறையில் தபால் கொடுத்தவருக்கு வாய் வரவில்லை என்றால் ஊர் சிரிக்கும். ஊரில் யார் வீட்டு வாசலில் எந்த நாய் என்பதுவரை தெரிந்த மனுஷன். அவர் சைக்கிளில் போன பதினாலு தெருவில் பர்னாந்து மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. பர்னாந்துக்குத் தபால் வந்தால் எந்தப் பர்னாந்து? ஐஸ்கம்பெனி பர்னாந்தா, செட்டை பர்னாந்தா, மூணு பொண்டாட்டி பர்னாந்தா? (மூன்று பெண்டாட்டி ஒன்றும் இல்லை, பாவம், மூன்று தடவை ஒரே பெண்ணைக் கேட்டுப் போய்க் கட்டினவன், ஊர் வாய் அப்படி.) மச்சாது முப்பது வீடு, கோமஸ் நாற்பத்தொன்று, மிராந்தா பதினேழு. தெ ரியால் ஒன்று. ஒன்றே ஒன்று. தனிஸ்லாசின் சித்தப்பா கொழும்புக்குப் போனார், அங்கேயே பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தார். அக்கா கன்னியாஸ்திரியானாள், மடத்தில் பேரையே மாற்றிவிட்டார்கள். பெபியோலா கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்டில் பெபியோலா அற்புதராஜ் ஆகிவிட்டாள். மிச்சம் இவர். முப்பத்துநாலு வருஷமும் காலையில் தபால்மூட்டையைப் பிரித்து அடுக்கும்போது, கை தன் பாட்டுக்கு அடுக்க, கண் மட்டும் ஒரு பேரைத் தேடிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது பம்பாயிலோ கொச்சியிலோ இன்னொரு தெ ரியால் இருந்து, எவனுக்காவது ஒரு கார்டு போடமாட்டானா? ஒரே ஒரு தடவை வந்தது. கவரின் மேல் ஆங்கிலத்தில் டி. ரியால் என்று கொட்டை எழுத்து. அன்றைக்கு முழுக்க அதை மற்ற தபாலோடு சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சைக்கிள் மிதித்தார். கடைசியில் விசாரித்துப் போனால், அது வெளிநாட்டு ரூபாய் மாற்றுகிற ஒரு புதுக் கடை. அந்தக் கடைக்காரன், என்ன அண்ணாச்சி முகம் ஒரு மாதிரி இருக்கு, தண்ணி குடிங்க என்று சோடா உடைத்துக் கொடுத்தான். நல்ல பையன். கடைதான் நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்திலேயே அந்தக் கேலி ஆரம்பித்தாயிற்று. எலே ரியாலு, இன்னிக்கு ஒன் ரேட்டு என்னலே? அரபு நாட்டுக்கு ஆள் போக ஆரம்பித்த காலம், ரியால் என்றால் எல்லாருக்கும் காசுதான். தனிஸ்லாஸ் கோபப்படமாட்டார். அவருக்குத்தான் உள்ளர்த்தம் தெரியுமே. ரியால் என்றால் போர்த்துக்கேய பாஷையில் ராஜா சம்பந்தப்பட்டது. தெ ரியால் என்றால் ராஜ வம்சத்தைச் சேர்ந்தவன். இதை அவர் அப்பா சொன்னார், அப்பாவுக்கு அவர் அப்பா. எங்கேயோ லிஸ்பனில் ஒரு ராஜா, அவர் தம்பியோ தளபதியோ ஞானஸ்நானத்துக்குத் தகப்பனாய் நின்ற ஞானப்பிள்ளை நம்ம மூதாதை. கப்பலில் வந்த ஒரு பிரபு முத்துக்குளிக்கிற நம்ம ஆளின் வீரத்தைப் பார்த்து மெச்சி, இந்தா வைத்துக்கொள் என்று தன் பேரையே கழற்றிக் கொடுத்தாராம். கதை சொல்கிறவர் வாய்க்குத் தக்கபடி தளபதி ராஜா ஆவார், ராஜா தளபதி ஆவார், வெல்வெட் அங்கி மட்டும் மாறாது. இந்தப் பேருக்காகத்தானே சலேத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். அவள் அப்பா கொறேரா, பெரிய வள்ளக்காரர். தபால்காரனுக்கா பொண்ணு என்று முகத்தைச் சுளித்தவர், பேரைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தன் முதுகு தானாக நிமிர்ந்ததை நினைத்தால் தனிஸ்லாசுக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. சலேத்து இன்றைக்கும் அக்கா தங்கச்சிகளோடு சண்டை என்றால் கடைசியில் அதைத்தான் எடுப்பாள்: நாங்க ரியால் குடும்பம், எங்களுக்கு அந்தப் புத்தி கிடையாது. புது வீடு கட்டினபோது வாசல் தூணில் கருங்கல் பலகையில் பேர் வெட்டச் சொன்னாள். பேருக்கு மேலே ஒரு கிரீடம். ஆசாரி மாதாவின் கிரீடத்தைத்தான் பார்த்திருந்தான், அதையே வெட்டிவிட்டான், உச்சியில் சிலுவையோடு. தபால்காரன் வீட்டு வாசலில் மாதா கிரீடம். அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிற கிழவிகளும் ஊரில் உண்டு.

சரக். இந்தப் பிள்ளை சும்மா இருக்காது போல. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான் அந்தத் தாள். கோயிலுக்கு ஜூபிலி வருகிறது, மலர் போடுகிறோம், பழைய பதிவேடெல்லாம் படியெடுத்து வந்திருக்கு, பழைய தெருப் பேரெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும் என்று சின்னச்சாமியார் ரெக்ஸ்லின் மூன்று வாரத்துக்கு முன் கூப்பிட்டனுப்பினார். போனார். சின்னச்சாமியார் நல்ல மனுஷன், பிஸ்கட் தட்டைத் தள்ளிவைத்து, பெரியவரே உங்க குடும்பத்தோட முதல் பதிவு கெடச்சிருக்கு என்றார். தனிஸ்லாஸ் கண்ணாடியை எடுத்து மாட்டினார். லிஸ்பன், வெல்வெட் அங்கி, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. சாமியார் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்து அர்த்தம் சொன்னார். பேர் சவேரி. வயது இருபது இருக்கலாம். தொழில் முத்துக்குளித்தல். வேறே கரையிலிருந்து வந்தவன். கொள்ளைநோயில் வீட்டில் எல்லாரும் போய்விட்டார்கள். முன்பு ஞானஸ்நானம் பெற்றானா என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் மறுபடி கொடுத்தது. குடும்பப் பேர் என்ன என்று கேட்டதற்கு அவன் சொன்னது. அதற்கு அப்புறம் ஒரே வார்த்தை. அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியாருக்குத் தமிழ் அரைகுறை, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிவிட்டார். சின்னச்சாமியார் அதை எழுத்துக் கூட்டினார். தெ, ரி, யா, லெ. மறுபடி கொஞ்சம் வேகமாக. தெரியாலெ. மூன்றாவது தடவை இன்னும் வேகமாகச் சொன்னவர் அப்படியே நிறுத்தி, தனிஸ்லாசின் முகத்தைப் பார்த்தார். தனிஸ்லாஸ் அவர் முகத்தைப் பார்த்தார். "பெரியவரே, கோவிச்சுக்கிடாதீங்க," என்று சொல்லிவிட்டு ரெக்ஸ்லின் சாமியார் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், தோள் இரண்டும் குலுங்கியது. உங் குடும்பப் பேரு என்னடா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியல என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் வம்சம். பின்னால் வந்த சாமியார்கள், ஐயோ பாவம், முன்னவர் சேர்த்து எழுதிவிட்டார் என்று 'தெ'யைத் தனியே பிரித்து, வால் எழுத்தை வெட்டி, அழகுபடுத்தி, ராஜா ஆக்கிவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஊரார் விலாசமெல்லாம் தெரிந்த தபால்காரனின் சொந்த விலாசம் தெரியல. அன்றைக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் வாசலில் அந்தக் கிரீடத்தைப் பார்த்தார். கிரீடம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் தெரியல. உள்ளே போய்ச் சலேத்திடம் சொல்ல வாயைத் திறந்தார். அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருக்கும்போது வேண்டாம் என்று விட்டார். அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று நினைத்தார், ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தார், மூன்று ஞாயிறு போயாயிற்று. சொன்னால் என்ன ஆகும்? சலேத்து அழுவாளா? அழமாட்டாள், சிரிப்பாள், அதுதான் பயம். சிரித்துக்கொண்டே மூத்த அக்காவுக்குப் போன் போடுவாள், அக்கா கொழுந்தனாருக்கு, கொழுந்தனார் ஊருக்கு. மீன்சந்தையில் கேட்பான்கள், என்ன ரியாலு, எங்க போறீரு? தெரியல! விலை என்ன? தெரியல! அறுபத்துநாலு வயதில் இது தேவையா? இதில் இன்னொரு கூத்து. ராஜா பேர் என்று இருந்தவரைக்கும் மாப்பிள்ளையிடம் கேட்பது லேசு. உம்ம பிள்ளைக்கு ராஜா பேர் தாரேன்வே என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்கலாம். இப்போது என்னவென்று கேட்பது? மறைத்துக் கேட்டால் அது ஏமாற்று. சொல்லிக் கேட்டால், தெரியலங்கிற பேரை எவன் தன் பிள்ளைக்கு வைப்பான்? முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு தபாலைக்கூடத் தப்பான வீட்டில் போட்டதில்லை அவர். பிரித்துப் பார்த்ததும் இல்லை. பேத்திக்கு மட்டும் பொய் விலாசம் எழுதுவதா?

"அப்பா, கை வலிக்கப் போவுது, பிள்ளைய இங்க தாங்க," என்று பெபியோலா வந்து நின்றாள். வேண்டாம்மா, தூங்குது, நீ போய் உக்காரு என்று அனுப்பினார். பின்னாலேயே சலேத்து, மக்ரூன் டப்பாவோடு. ஞானஸ்நானம் முடிந்து கொடுக்க வாங்கினது, அதற்குள் ஒன்றை எடுத்து அவர் வாயில் திணித்துவிட்டு, "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? பிள்ளை நனைச்சிட்டாளா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். முந்திரியும் சீனியும் நாக்கில் பட்டதும் கரைந்தது. மாப்பிள்ளை வேப்பமரத்து நிழலில் போன் பேசிக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கிறார். அற்புதராஜ். பாலம் வரைகிற கம்பெனியில் வேலை. கல்யாணம் சென்னையிலேயே முடிந்துவிட்டதால் இந்தக் கோயிலுக்கு அவர் புதுசு. நல்ல பிள்ளை, இட்லிக்குச் சட்னி போதாது என்றால்கூடச் சொல்லமாட்டார், வெறும் இட்லியைச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். நேற்றுக் காலையில் சாப்பிடும்போது சொன்னாரே ஒரு கதை. சிங்கப்பூருக்கு வேலையாகப் போனாராம். பாரத்தில் குடும்பப் பேர் கட்டாயம் எழுதணும் என்றார்களாம், இல்லாத பேருக்கு எங்கே போக, அப்பா பேரைப் போட்டிருக்கிறார். அப்புறம் ஆபீசில் எல்லாரும் மிஸ்டர் சூசை, மிஸ்டர் சூசை. "எங்கப்பா எப்ப வந்தாருன்னு மொத நாள் திரும்பிப் பாத்துட்டேன் மாமா," என்று சொல்லி அவரே சிரித்தார். அப்போதே கேட்டிருக்கலாம். மாப்ள, ஒண்ணு சொல்லணும் என்று தொடங்கினார்கூட. சொல்லுங்க மாமா என்று அவர் இட்லியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் போச்சு. சாம்பார் ஊத்திக்கிடுங்க என்று முடித்துக்கொண்டார். மாப்ள, உங்க பக்கத்துல இந்தக் கட்டம் காலியாத்தானே இருக்கும்? ஆனா எங்க பக்கத்துல. அந்த ஆனாவில்தான் வண்டி நின்றுவிடுகிறது. தகப்பன் பேர் இருக்க, தாத்தன் பேரைப் பிள்ளைக்கு வைக்கச் சொன்னால், கிழவன் வீட்டோட மாப்பிள்ளையாக்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டால்? மகள் வாழ்க்கையில் ஒரு மனத்தாங்கல் நம்மால் வரலாமா? அதுவும் ஒரு தெரியலைக்காக? மக்ரூன் துணுக்கு ஒன்று பிள்ளையின் கவுனில் விழுந்து கிடந்தது. ஊதினார். போகவில்லை. மெதுவாக விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

காற்று திரும்பியது. கரையில் கருவாடு காய்கிற வாசம் வந்தது. பிள்ளை மூக்கைச் சுளித்து, உதட்டைக் குவித்து, யாரையோ பார்த்த மாதிரி தூக்கத்தில் சிரித்தது. எந்தச் சாமி வந்து விளையாட்டுக் காட்டுகிறதோ. யாரைப் பார்க்கிறாய் நீ, சவேரியையா? அவன் எப்படி இருந்திருப்பான்? இத்தனை நாள் வெல்வெட் அங்கிக்காரனைத்தான் நினைத்தோமே ஒழிய, அவனை ஒரு தடவைகூட நினைக்கவில்லையே என்று தனிஸ்லாசுக்குத் தோன்றியது. இருபது வயது. தண்ணீரில் முங்கி முங்கிக் கண் சிவந்திருக்கும், காதில் இரைச்சல் இருக்கும். கட்டியிருக்கிற துண்டு காயாமல் சொட்டியிருக்கும். தாய் இல்லை, தகப்பன் இல்லை, வேறே ஊர்க் கரை. முன்னால் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் இறகுப் பேனாவோடு உட்கார்ந்து அரைகுறைத் தமிழில் கேட்கிறார், உன் குடும்பத்துப் பேர் என்ன? மற்றவர்களையும் கேட்டிருப்பார், அவனவன் வாயில் வந்த ஒரு பேரைச் சொல்லியிருப்பான், இல்லை ஞானத்தகப்பன் பேரை வாங்கி மாட்டியிருப்பான். இவனும் சொல்லியிருக்கலாம். பர்னாந்து என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? இருநூற்றுப் பதின்மூன்றாவது பர்னாந்து. ராஜா என்று சொன்னால்கூட யார் கண்டது? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியல என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறான். அப்படிச் சொல்லும்போது குரல் எப்படி வந்திருக்கும்? தனிஸ்லாசுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. சே, இதென்ன, கோயில் வராந்தாவில். கையில் பிள்ளை இருந்ததால் தோள்பட்டைச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜா வம்சம் என்று கதைவிட்ட வம்சமாக இருந்தென்ன புண்ணியம்? பொய் சொல்லத் தெரியாத ஒருத்தன் வம்சம் இது, அது போதாதா? நோயில் எல்லாரும் போய், அவன் ஒருத்தன் நின்று, அவன் பிள்ளை, அதன் பிள்ளை என்று வந்து வந்து, இந்தா, இந்த நாற்பத்திரண்டு நாள் மூக்கு. வெல்வெட் அங்கியைவிட இந்தச் சொட்டச் சொட்ட நிற்கிறவனைத்தான் பிடித்திருந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தார், இல்லை. பேர் போனால் போகட்டும். முடிகிறது என்றால் நல்லவன் பேராக முடியட்டும். காற்று சுகமாக இருந்தது, தொடையில் பிள்ளையின் சூடு சுகமாக இருந்தது, பல்லிடுக்கில் முந்திரிகூடச் சுகமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் உபதேசியார் ஞானப்பிரகாசம் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். எழுபது தாண்டியவர், இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது அவர் இஷ்டத்துக்குக் கேட்கும். சாமியார் வந்துகொண்டிருக்காராம், அதுக்குள்ள எழுதி வச்சிருவோம் என்று சன்னல் ஓரத்து மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, பேனாவை உதறினார். மாப்பிள்ளை போனை அணைத்துவிட்டு ஓடி வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம், சரியாக அந்த இடது காதுப் பக்கம் நின்றார். பிள்ளையின் பேர்? யூதித். பிறந்த தேதி சொன்னார். தகப்பன் பேர்? அற்புதராஜ். தாய்? பெபியோலா. நாலு கட்டமும் நிரம்பியது. தனிஸ்லாஸ் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேனா ஐந்தாவது கட்டத்துக்கு வந்து நின்றது. மனசைத் தேற்றியாயிற்று என்றுதான் நினைத்திருந்தார், ஆனாலும் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

"குடும்பப் பேரு சொல்லும் தம்பி," என்றார் உபதேசியார்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "குடும்பப் பேரா? அப்படியெல்லாம்... தெரியலயே ஐயா."

உபதேசியார் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீரும் ரியாலா? சொல்லவே இல்லையே! சொந்தத்துலேயே கட்டிக்கிட்டீங்களாக்கும்? நல்லது, நல்லது," என்று சொல்லிக்கொண்டே கொட்டை எழுத்தில், மை சொட்டச் சொட்ட எழுதினார்.

தனிஸ்லாஸ் பிள்ளையோடு எழுந்தேவிட்டார். இரண்டு எட்டில் மேசைக்கு வந்தார். தெ ரியால். மை இன்னும் மினுமினுத்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வாயை மூடிக்கொண்டு இரு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. யார் திருடினார்கள்? தானாக வந்தது. அதே கேள்வி, அதே பதில், காதில் விழுந்தபடி எழுதுகிற அதே மாதிரி எழுத்துக்காரர். இதற்கு மேல் மாதா ஒரு புதுமை செய்து காட்ட வேண்டுமா? ஆனால் தப்பான வீட்டில் போட்ட தபால் எத்தனை நல்ல சேதியானாலும் தப்புத்தானே. மூச்சை இழுத்துக்கொண்டு, உபதேசியாரின் வலது காதுப் பக்கம் குனிந்தார்.

"வே, அவரு பேரச் சொல்லல. தெரியலன்னு சொன்னாரு."

"அதத்தானே எழுதியிருக்கேன்?"

"பேரு தெரியலன்னு சொன்னாருவே!"

"பேரு தெ ரியால்னு சொன்னாரு, எழுதியாச்சு. நீரு எதுக்குக் கத்துதீரு?"

தனிஸ்லாசுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "மாப்ள, தப்பா எழுதிட்டாரு. என் பேரப் போட்டுட்டாரு. அத அடிச்சு விடச் சொல்லுதேன்," என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது, அவருக்கே வெட்கமாக இருந்தது. மூன்று வாரமாகக் கேட்க முடியாமல் கிடந்தது அந்த உடைசலில் தானாக வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது, ஏனென்றால் மாப்பிள்ளை பதிவேட்டைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தார். பெபியோலாவும் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"அடிக்க வேணாம் மாமா," என்றார் அற்புதராஜ். "எங்க வீட்டுல இந்தக் கட்டத்துல எப்பவும் ஒரு கோடுதான் போடுவாங்க. கோட்டுக்குப் பதிலா உங்க பேரு இருந்துட்டுப் போகட்டுமே. எம் பொண்ணாவது திரும்பிப் பாக்காம இருப்பா." பெபியோலாவைப் பார்த்து, "என்ன, சரிதானே?" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளையின் கவுனை இழுத்துவிட்டாள். சலேத்து டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, பார்த்தீரா, ராசா பேரு எங்க போகும் என்று உபதேசியாரிடம் உரக்கச் சொன்னாள். உபதேசியார் ஒரு மக்ரூனை எடுத்துக்கொண்டார்.

வெளியே சாமியாரின் பைக் வந்து நின்றது. கிழவி பிழைத்துக்கொண்டாளாம், எழுந்து காப்பி கேட்கிறாளாம் என்று யாரோ சொன்னார்கள். கோயில்பிள்ளை மெழுகுதிரி ஏற்ற ஓடினான். எல்லாரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். மாப்பிள்ளை அவரோடு சேர்ந்து மெதுவாக நடந்தார், பிள்ளையின் தலையில் வெயில் படாமல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு.

"ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். தெ ரியால்னா என்ன அர்த்தம் மாமா?"

பிள்ளை ஓர் உதை விட்டது. சரக். தனிஸ்லாஸ் நின்றார். முன்னால் போகிற சலேத்தைப் பார்த்தார், மடியிலிருந்து தோளுக்கு மாறியிருந்த பேத்தியைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார். இந்த ஆளிடம் பொய் சொல்லக் கூடாது.

"தெரியல," என்றார்.

"என்னப்பா, ராஜான்னு சொல்வீங்களே எப்பவும்!" என்று பெபியோலா திரும்பினாள்.

அவர் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தார். சட்டைப் பை குலுங்க, வயிறு குலுங்கச் சிரித்ததில் யூதித் தெ ரியால் விழித்துக்கொண்டு, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர் முகத்தையே பார்த்தாள்.